பதினோரு குழந்தைகள்

"இந்த மாசம் பதினோரு குழந்தைங்களை அனுப்பியிருக்கே. எல்லாருக்கும் ஸ்கேன் பண்ணிட்டேன். ஒண்ணுக்குக்கூட இதயத்துல கோளாறு இல்லடி. பெத்தவங்கதான் பாவம், நடுங்கிப்போறாங்க" என்றாள் இதய மருத்துவர்.

எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள் அவளோடு ஒன்றாகப் படித்த குழந்தைகள் டாக்டர்.

"எனக்குக் கேக்குதே! அந்தப் பாப்பா போனதுலேர்ந்து ஒவ்வொரு நெஞ்சுலயும் முணுமுணுப்பு கேக்குது."

இரண்டு மாதங்களுக்கு முன் அவள் பரிசோதித்த ஒரு கைக்குழந்தையின் நெஞ்சில், இதயக் கோளாறின் அறிகுறியாக இருக்கக்கூடிய மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. பால் நன்றாகக் குடிக்கிறதே, தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பத்தே நாளில் குழந்தை இறந்துபோனது.

"ஸ்டெதாஸ்கோப்பைக் காதுல மாட்டினாலே அவ வந்துடறாடி."

தோழி கேட்டாள்: "அந்தச் சத்தம் குழந்தையோட துடிப்புக்கு ஒத்து வருதா?"

கைக்குழந்தையின் இதயம் படபடவென்று அடிக்கும். அவள் கேட்டதோ அதில் பாதி வேகம்தான். இத்தனை நாள் அது உறைக்கவே இல்லை.

"இல்ல... மெதுவாத்தான் வருது."

தோழி எழுந்து வந்து, அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"ஸ்டெதாஸ்கோப் காதை அடைச்சதும் உனக்குக் கேட்டது உன் இதயத்தோட சத்தம். வால்வு மோசமா சுருங்கியிருக்கும்போலிருக்கு. இன்னிக்கே அட்மிட் ஆகணும்."

"அப்ப... அது பாப்பா இல்லையா?"

அந்தக் குழந்தையை இரண்டாம் முறை பறிகொடுத்தவள்போல் அவள் விம்மினாள்.