எல்லையில் ஒரு காடு

"பாதையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னும் நெருக்கமா மரத்த நடு, ஃபரா. அந்த வீட்டுக் கூரைகூட என் கண்ணுல படக்கூடாது லா!"

ருக்குமணி அக்கா சத்தமாகவே சொன்னார். வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த மகன் தனேஷ் நிமிர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான்.

'அந்த வீடு' அவருடைய அண்ணன் தயாளனுடையது.

ஜுரு வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் அப்பா விட்டுப்போன, எண்ணெய்க்கான செம்பனை நிலம். அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொண்டபோது எல்லைக்கல்லில் சண்டை வந்தது. அது கோர்ட்டுக்குப் போனது. இப்போது வழக்கை விடாமல் நடத்துவது தனேஷும் தயாளனின் மனைவியும்தான்.

சிறு நிலக்காரர்களின் நில ஓரங்களில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களைத் திரும்ப வளர்ப்பது ஃபராவின் வேலை. செம்பனையை வெட்டிவிட்டுக் காடு வைக்க அந்த வட்டாரத்தில் யாரும் சம்மதிக்கவில்லை. ருக்குமணி அக்கா மட்டும் உடனே ஒத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: "சீக்கிரம் உயரமா வளருமா?"

அடுத்த வாரமே தயாளனும் ஃபராவைக் கூப்பிட்டார். அவரும் அதையேதான் கேட்டார்.

புன்னை, புங்கை, பூவரசு. இரண்டு பக்கமும் போட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். சில வருடங்களில் கிளைகள் வேலிக்கு மேலே பின்னிக்கொண்டன. அருகிலிருந்த ஓடைக்கு நீர்நாய்கள் வந்தன. 'சமூக ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு' என்று ஃபராவின் அலுவலகம் புகழ்ந்தது.

இப்போது பார்வையாளர்கள் வரப்போகிறார்கள். காட்டுக்கு நடுவே ஒரு நடைபாதை போடச் சொன்னது அலுவலகம். காலையில் தயாளன் போனிலேயே மறுத்துவிட்டார். இங்கே அக்காவும்.

மரத்தோடு கோபமும் வளர்ந்திருக்கிறது என்று நினைத்தபடி, புதுக் கன்றுகளுக்கு எங்கே இடமிருக்கிறது என்று பார்க்க ஃபரா காட்டுக்குள் நுழைந்தாள். கிளைகளை விலக்கிக் குனிந்து போகவேண்டியிருந்தது.

நடுவில் வேலிக்கம்பி தரையோடு தரையாக மிதிபட்டுக் கிடந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் தயாளன் உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு கோப்பைகளில்.

பின்னால் சருகு நொறுங்கியது. மூச்சு வாங்க வந்த ருக்குமணி அக்கா, ஃபராவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அக்கா அவளைத் தாண்டிப் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டார்.

தயாளன் இலைகளுக்கு நடுவே தெரிந்த ஓர் இடைவெளியைக் காட்டினார்.

"மாடியில துணி காயப்போட வந்தா என் வீட்டுக்காரிக்கு இந்த இடம் தெரியுதும்மா. அங்க மட்டும் ரெண்டு புன்னை வச்சிடு."