ராணி இல்லாத கை

எழுந்துவிட வேண்டும். இப்போதே.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கூட வந்த நயினாரின் கை தோளில் விழுந்து அவரைத் திரும்ப உட்கார வைத்தது.

"எங்க ஓடுதிய அண்ணாச்சி? டீலர்தான மாறுது. ஆட்டமா மாறுது?"

மதியம் மூன்று மணி. ஆற்றின் நடுவே நிற்கும் சூதாட்டக் கப்பல். சிமெண்ட் கம்பெனி செலவில் கோவா வந்த கடைக்காரர்களில் பாதிப் பேர் இந்த மேசையைச் சுற்றித்தான் நின்றார்கள்.

அதுவரை சீட்டுப் போட்ட டீலர் விலகிக்கொள்ள, புதியவள் வந்து நின்றாள். கறுப்புக் கோட்டு. இறுக்கிய கொண்டை. நெஞ்சில் 'மதி' என்று ஒரு பெயர்ப்பட்டை.

அவர் வைத்த பெயர் கோமதி.

நான்கு வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகள். போன தீபாவளிக்கு, 'கோவாவுல சீட்டுக் கப்பல்ல வேலைப்பா. தப்பான எடம் இல்ல' என்று செய்தி அனுப்பிய மகள். கப்பலின் பெயரும் அதில் இருந்தது.

அவர் பதில் போடவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் கனடா என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

ஒரு நொடி.

பிறகு குனிந்து சீட்டைப் போட்டாள். அவருக்கு மூன்று. தனக்கு மூன்று. எல்லாம் கவிழ்த்து.

"கேட்டுக்கிடுங்க," நயினார் காதருகே கத்தினார். "சீட்டு நல்லா இருந்தா இன்னொரு காயின் வைங்க. இல்லன்னா கவுத்துப் போட்டுட்டு சும்மா இருங்க. எங்ககூட எல்லாம் உங்களுக்குப் போட்டி கெடையாது. இந்தப் பொண்ணுகூட மட்டுந்தான்."

அவர் சீட்டைத் தொடவில்லை.

பொறுமை இழந்த நயினார் தானே எடுத்துப் பார்க்கக் கை நீட்டினார்.

"அடுத்தவங்க சீட்டத் தொடக் கூடாது, சார்."

தமிழ்!

மேசையே கலகலத்தது.

"அட, நம்ம புள்ள! எந்த ஊரும்மா?"

"தெக்கதான், சார்."

"தெக்கன்னா?"

ஊர்ப் பெயர் ஒன்று போதும். புளியங்குடி என்று அவள் சொன்னால் முடிந்தது. இன்றைக்கு இந்த மேசை, நாளைக்குத் திருநெல்வேலி ஜில்லா முழுக்க.

அவள் மீதிச் சீட்டை அடுக்கி வைத்தாள்.

"சொல்ல மாட்டா. சொன்னா அப்பன் தேடி வந்துருவான்லா!" நயினார் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "இந்தா, இவுக மகளுக்கும் ஒன் வயசுதாம்மா இருக்கும். கனடாவுல பெரிய ஆபீசர்."

அவள் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்படியா, சார்?"

அவர் தலை ஆடியது. ஆமாம் என்று.

சீட்டைப் பார்க்காமலே காயினை முன்னால் தள்ளினார். தோற்றால் போதும். எழுந்து போய்விடலாம்.

அவள் தன் சீட்டைத் திருப்பினாள். ஜாக்கி. ஏழு. மூன்று.

"ராணி இல்ல!" நயினார் குதித்தார். "ராணியாவது வந்தாத்தான் டீலருக்கு ஆட்டம். வரலன்னா ஆட்டத்துலயே சேர்த்தி இல்ல. ஜெயிச்சிட்டிய அண்ணாச்சி!"

அவருடைய சீட்டையும் அவளே திருப்பினாள். பத்து. ஐந்து. இரண்டு. அவளுடையதை விட மட்டம்.

ஆனாலும் ஜெயம்.

வென்ற காயினை அவர் பக்கம் நகர்த்தினாள். நகர்த்திவிட்டுக் கையைத் தூக்கி சூப்பர்வைசரை அழைத்தாள். வந்தவரின் காதில் ஏதோ சொன்னாள்.

சொந்தக்காரருக்குச் சீட்டுப் போடக் கூடாது. அது அங்கே சட்டம். வந்து நின்றதுமே சொல்லியிருக்க வேண்டும். வேலை போகும் என்று தெரிந்தும் ஒரு ஆட்டம் காத்திருக்கிறாள்.

அவரே சொல்வாரா என்று பார்க்கத்தான் என்று அவருக்குப் புரிந்தது.

சூப்பர்வைசர் அவரிடம் திரும்பி, ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். "இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா, சார்?"

மேசையைச் சுற்றி அத்தனை முகங்கள்.

"நோ."

சூப்பர்வைசர் அவளைப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

அவள் இரண்டு கைகளையும் ஒரு முறை தட்டினாள். உள்ளங்கைகளை விரித்தாள். புரட்டிக் காட்டினாள். மேசையிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று டீலர்கள் கேமராவுக்குக் காட்டும் வழக்கம்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை.

போய்விட்டாள்.

"பாவம், யாரையோ நெனச்சி ஒங்களச் சொல்லிருக்கு," என்றார் நயினார். "சாயல் இருக்கும்லா."

அவர் வென்ற காயினைத் தொடவே இல்லை.

இந்தப் பயணம் கிடைக்க, கம்பெனியிடம் வருடத்துக்கு நாலாயிரம் மூட்டை சிமெண்ட் வாங்கியிருக்க வேண்டும். அவர் கடையில் வருடத்துக்கு மூவாயிரம் விற்றாலே அதிகம். கம்பெனியின் சுற்றறிக்கையில் கப்பலின் பெயரைப் படித்த அன்றே மிச்சம் ஆயிரத்தையும் ஆர்டர் போட்டார். கார்த்திகை மழையில் குடோன் ஒழுகி, அத்தனையும் இறுகிக் கல்லாகிவிட்டது.

"எதுக்கு மொதலாளி இவ்வளவு சரக்கு?" என்று ஆர்டர் போட்ட அன்று கணக்குப்பிள்ளை கேட்டிருந்தார்.

"கோவா பாக்கணும்லா," என்று அவர் சிரித்திருந்தார்.