வாயில்லாத கூடை

பதினோரு வருடங்களாகத் தொலைபேசியில் "சொல்லுங்க சார்" என்று ஊராரின் புகார்களைக் கேட்கும் வேலையிலிருந்த அமுதவல்லியால் ஒருநாள் எழுந்து பல் துலக்கக்கூட முடியவில்லை. "கைக்கு ஏதாவது சின்ன வேலை கொடுங்க, மனசு கொஞ்சம் ஆறும்" என்றார் டாக்டர். கணவன் தாமோதரன் பச்சை ஒயர் நான்கு கட்டு வாங்கி வந்தான். அவள் கூடை பின்னத் தொடங்கினாள். அடி முடிந்து பக்கங்கள் எழும்பின. விளிம்பு வந்ததும் நிறுத்தாமல், ஒயர்களை உள்ளே வளைத்துப் பின்னிக்கொண்டே போனாள். ஒன்பதாம் நாள் கூடை பூசணிக்காய் போல முழுசாக மூடிக்கொண்டது.

"இதுல எப்படி அமுதா சாமான் போடறது?"

"போட முடியாது" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. அன்று மதியம் அதை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது மடி காலியாக இருந்தது. ஒயர் கருகும் வாடை வந்தது. தாமோதரன் கூடையின் மேல்பக்கத்தைக் கத்தரியால் வட்டமாக வெட்டி, முனைகள் பிரியாதபடி தீக்குச்சியால் பொசுக்கியிருந்தான். உள்ளே வெங்காயம், அதன்மேல் தக்காளி.

"ஏதோ ஞாபகத்துல மூடிட்ட. சரி பண்ணிட்டேன். கைப்பிடி மட்டும் வச்சுடு."

அவள் கூடையை மடியில் வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த ஒயரை எடுத்தாள்.

"எவ்வளவு நீளம் வேணும் சார்?" என்று கேட்டாள்.