குதிரைப்பால் விடுமுறை

"அக்கா, இன்னொரு பிள்ளைக்கும் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம். இதோட நாலு. சுகாதார ஆபீசுக்கு இப்பவே சொல்லுங்க" என்றாள் நர்ஸ் பெர்மெத்.

பிரசவ வார்டின் தலைமை டாக்டர் சோல்போன் நிமிரவில்லை.

"நீ லீவு போட்டுட்டுக் கிளம்பு. உங்கண்ணன் மேய்ச்சல் மலையில கூடாரம் போட்டிருக்கான்ல? எல்லாரும் போற மாதிரி ரெண்டு வாரம் குதிரைப்பால் குடிச்சு உடம்பைத் தேத்திட்டு வா. அதுக்குள்ள இங்க எல்லாம் அடங்கிடும்."

"பச்சப்புள்ளைங்க காய்ச்சல்ல துடிக்குது. எனக்குக் குதிரைப்பாலா?"

"சொன்னா வார்டை மூடுறதோட விடமாட்டாங்கடி. யாரால வந்துச்சுன்னு ஒரு ஆளைத் தேடுவாங்க. கேஸ் போட்டு உள்ள தள்ளுவாங்க."

"தள்ளட்டுமே. உங்க நாற்காலிக்குத்தானே பயப்படுறீங்க?"

சோல்போனின் கண் கலங்கியது. "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னைக்கே போயிடு."

பெர்மெத் வராந்தாவுக்குப் போய்த் தானே போன் செய்தாள்.

அதிகாரிகள் வந்தார்கள். பிரசவத்துக்குப் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றார்கள். வார்டில் வேலை செய்த எல்லோர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் போனார்கள்.

பரிசோதனை முடிந்து அதிகாரி திரும்பி வந்தபோது, காய்ச்சல் குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள் பெர்மெத்.

"ஒரே ஒருத்தர் மூக்குலதான் இந்தக் கிருமி இருக்கு" என்றார் அவர்.

பெர்மெத் சோல்போனை முறைத்தாள்.

"மாசாமாசம் நர்சுங்க மூக்குல எடுக்கற டெஸ்ட்டுல எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சுடி" என்றார் சோல்போன். "அதான் மலைக்குப் போன்னு கெஞ்சினேன்."

அதிகாரி பெர்மெத்தின் அருகில் வந்தார்.

"குழந்தையைத் தொட்டில்ல படுக்க வைம்மா."