கூர் மழுங்கும்வரை

வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற சிவபாதம், வெள்ளவத்தை வீட்டில் விடிந்ததும் பேத்தி ஆரணியின் இரண்டு பென்சில்களைப் பிளேட்டால் சீவுவார். காசோலையில் கையொப்பம் பார்க்கிற கவனத்தோடு பென்சில் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைப்பார். அவர் இறந்து, முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகும், காலையில் பென்சில்கள் சீவியபடியே இருந்தன. வீட்டில் ஆரணியையும் அவள் தாய் சுகந்தினியையும் தவிர வேறு யாரும் இல்லை.

“ஆர் பிள்ளை சீவினது?” என்று சுகந்தினி கேட்டாள்.

“அம்மப்பாதானே” என்றாள் ஆரணி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே.

சுகந்தினி ஒரு பென்சிலை எடுத்துப் பார்த்தாள். அவள் படித்த காலத்தில் அப்பாவுக்கு ஊரூராக இடமாற்றம். மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவளுடைய பென்சிலை அவர் ஒருநாளும் சீவித் தந்ததில்லை.

அன்று மாலை காலி வீதிக் கடையொன்றில் ஒரு புதுப் பென்சில் வாங்கி வந்து, ஆரணியின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் அதுவும் கூராக இருந்தது.

அன்று அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவள், கந்தோரில் பேனையைத் தொடவில்லை. எல்லாவற்றையும் அந்தப் பென்சிலாலேயே எழுதினாள். வேலை முடிந்து மற்றவர்கள் போன பிறகும், கூர் முற்றாக மழுங்கும்வரை எழுதிவிட்டுத்தான் எழுந்தாள்.