வீரலட்சுமியின் வலது முட்டி

கோர்ட் வாசலில் நிற்கிற மெட்டல் டிடெக்டர், வீரலட்சுமி நுழைந்ததும் வழக்கம்போல அலறியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக வாய்தாவுக்கு வாய்தா அது இப்படித்தான் அலறுகிறது.

"வாங்க பெரியம்மா. முன்னால முட்டி வந்திருச்சு, பின்னாலயே நீங்களும் வந்துட்டீக" என்று சிரித்தாள் வாசல் காவலில் இருந்த பெண் போலீஸ் கலைச்செல்வி.

முதல் தடவை அவள் சிரிக்கவில்லை. கைக்கருவியை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள்; வலது முட்டிப் பக்கம் வந்ததும் அதுவும் கத்தியது. அமுக்கிப் பார்க்கலாமென்று கை வைத்தால், "ஆத்தாடி!" என்று உயிர் போகிற மாதிரி அலறிவிட்டாள் வீரலட்சுமி. "மதுரையில முட்டி மாத்துனது தாயி. உள்ள பூராம் இரும்பு."

கலைச்செல்விக்குப் பாவமாகப் போயிற்று. அவளைப் பெற்றவளும் முட்டி தேய்ந்து, வீட்டில் இதே கத்தல்தான் கத்திக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் தொட்டுப் பார்ப்பது கிடையாது, விசாரிப்புத்தான்.

"மாத்தி எம்புட்டு வருசம் ஆச்சு?"

"அது ஆச்சு, ஏழெட்டு வருசம்."

"கொஞ்ச நாள்ல லூசாயிரும், திரும்ப மாத்தணும்ங்கிறாகளே?"

"அட போ தாயி! பதினஞ்சு இருவது வருசம் உழைக்கும்னுதான் சொல்லி விட்டாக. அம்மாவுக்குத் தைரியமா பண்ணு."

அந்த வார்த்தையை நம்பித்தான் கலைச்செல்வி அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

இன்றைக்குத் தீர்ப்பு. வீரலட்சுமியின் ஒரே மகள் நாகஜோதியை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய வழக்கு. கொளுத்தியவன் தாலி கட்டிய முனீஸ்வரன். எரிகிறவள் வெளியே ஓடி வந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்ட மகராசன். கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார். அவரை நடுரோட்டில் போட்டு மிதித்துப் பல்லை உடைத்தார்கள். அவர் கூண்டில் ஏறி, "நான் ஒண்ணும் பாக்கலங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூப்பிடுகிற வரைக்கும் வீரலட்சுமி வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கலைச்செல்வி டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உங்களுக்கு எம்புட்டு நல்லா மடங்குது! எங்கம்மாவுக்கு வலி போயிருச்சு, நடையும் நல்லாயிருச்சு. ஆனா குத்தவைக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். தரையில உக்காரவே மாட்டேங்குறாக."

"எல்லாம் பழக்கந்தான் தாயி" என்று டீயை ஊதினாள் வீரலட்சுமி.

தீர்ப்பு வந்தது. விடுதலை! சாட்சியம் பத்தவில்லையாம்.

முனீஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். எதிரே மாமியாரைப் பார்த்ததும் அவனுக்குக் கொழுப்புத் தாங்கவில்லை.

"என்னத்தே, கோர்ட்டே சொல்லிருச்சு, கேட்டீகளா? இனிமே எம்மூஞ்சியில முழிச்சீக, அந்த இரும்பு முட்டிய ஒடச்சு ஒங்க கையிலயே குடுத்துருவேன்!"

சொன்னதோடு விட்டானா? அவள் இடுப்பில் ஓங்கி ஓர் உதை விட்டான். வீரலட்சுமி சுருண்டு விழுந்தாள். அவன் குனிந்து அவள் முகத்துக்கு நேராகச் சிரித்தான்.

விழுந்தவளின் கை சேலைக்குள் போய் வந்தது. சாண் நீளச் சூரிக்கத்தி அவன் அடிவயிற்றில் இறங்கியது. உருவினாள், மறுபடியும் குத்தினாள். "எம்புள்ள கத்துனாளேடா! கதவத் தட்டித் தட்டிக் கத்துனாளேடா!" அவன் சுவரோடு சரிந்த பிறகும் விடவில்லை, கழுத்தைப் பார்த்து ஓங்கி ஒரு குத்து. ரத்தம் படியில் இறங்கி ஓடியது. சுற்றி நின்றவர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

கலைச்செல்வி பாய்ந்து வந்து கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்குவதற்குள் அவன் கண் நிலைகுத்திவிட்டது. வேலை போச்சு. அது போனால் போகட்டும், நம்பி விட்டதற்கு இப்படியா செய்வாள் என்று கலைச்செல்விக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"பாவம்னு உள்ள விட்டேனே பெரியம்மா! முட்டிதான் கத்துதுன்னு நான் அசந்து நிக்கையில, இன்னைக்குப் பாத்துக் கத்தியச் செருகிட்டு வந்திருக்கீகளே!"

வீரலட்சுமி ரத்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே சம்மணம் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு மட்டுமா தாயி? எனக்கு ஏது ஆபரேசன்!"