இருபது சதவீத வால்

வகுப்பறைச் சுவரில் தினமும் பாடம் கேட்ட பல்லிக்குத் தான் கணக்கில் புலி என்று நினைப்பு. ஆணியில் வால் நுனியை மாட்டிக்கொண்டு எட்டினால், பத்து சென்டிமீட்டர் தள்ளித் தொங்கும் டியூப்லைட்டில் பூச்சி கிடைக்கும். பல்லியின் நீளமும் சரியாகப் பத்து.

ஒருநாள் ஜன்னல் கதவு இடுக்கில் சிக்கி, இரண்டு சென்டிமீட்டர் வால் அறுந்தது. மிச்சம் எட்டு. சில வாரங்களில் அந்த எட்டு, இருபது சதவீதம் வளர்ந்தது.

"போனதும் இருபது சதவீதம், வந்ததும் இருபது சதவீதம். சரியாப் போச்சு!" என்றது பல்லி.

"எதுல இருபது? பழைய நீளத்தை எக்ஸ்னு வச்சுப் போட்டுப் பாருண்ணே" என்றது சுவர் மூலையில் வலை பின்னிய சிலந்தி.

"எனக்கேவா?" என்று பல்லி எட்டியது. எட்டவில்லை.

பிடி நழுவி விழும்போதுதான் கணக்கைப் போட்டது. அறுந்தபின் 0.8 எக்ஸ். வளர்ந்தது அதில் இருபது சதவீதம், 0.16 எக்ஸ். மொத்தம் 0.96 எக்ஸ். பத்துக்கு நாலு மில்லிமீட்டர் குறைகிறது!

விடை வந்தபோது பல்லி, கீழே பாடம் நடத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரின் வழுக்கைத் தலையில் இருந்தது. அவர் பதறி ஓடிக் காலண்டரில் பல்லி விழும் பலனைத் தேடினார்.

'இவரிடம் படித்தவன்தானே நான்' என்று பல்லிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.